பால் பழத்தோடு ரைனில் ஐந்து இரவு

செப்டம்பர் 4
அப்பாவோடு வேலை செய்கிற ஜெர்மன்காரர் டானூப் நதியில் கப்பலில் போய்வந்த படங்களைக் காட்டியிருக்கிறார். சாப்பிடும்போது அப்பா அறிவித்தார்: "நாங்களும் ஒருக்காப் போவம். மலிவா இருந்தால் மட்டும். ஆதிரை, நீ பார்."

இந்த வீட்டில் ஜெர்மன் அலுவலகங்களுக்கு அன்ட்ராக் படிவம் நிரப்புவது, போய்ப் பார்க்க டெர்மின் நேரம் எடுப்பது எல்லாம் நான்தான். பதினாறு வயது, சம்பளமில்லாத செயலாளர். முன்பு அது அக்காவின் பதவி.

செப்டம்பர் 5
அக்கா சுபானி போய் ஒரு வருடமும் பத்து மாதமும். மருந்தியல் படிப்பை விட்டுவிட்டு ஆற்றுக் கப்பலில் பகலில் கட்டில் விரித்து இரவில் சாப்பாடு பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தாள். "மற்றவனுக்குக் கட்டில் விரிக்கவோ உன்னைப் படிப்பிச்சனான்?" என்றார் அப்பா. அவள் படிப்பை விட்டாள், அவர் பேச்சை விட்டார். அம்மா மட்டும் உடுப்புத் தோய்க்கிற நிலவறைக்குள், கெல்லருக்குள், இறங்கி அவளோடு போனில் ரகசியமாகக் கதைப்பார்.

எங்கள் இரட்டை அடுக்குக் கட்டிலில் மேல்தட்டு காலி. நான் இன்னும் கீழேதான் படுக்கிறேன். ஏன் என்று கேட்காதே, நாட்குறிப்பே.

அக்காவின் கப்பல் ரைன் நதியில் ஓடுகிறது. ம்ம்...

செப்டம்பர் 9
சதி தொடங்கியது. அப்பாவுக்கு அட்டவணை போட்டேன். டானூப்: விலை சிவப்பு எழுத்தில். பிரான்சில் ரோன் நதி: அதுவரை ரயில் செலவு எங்களுடையது. மூன்றாவது ரைன், பச்சை எழுத்தில்: கொலோனில் ஏறி ஸ்ட்ராஸ்பூர்க் போய்த் திரும்புவது, ஒக்டோபர் 21 முதல் 26, பருவம் முடிவதால் பாதி விலை, மூன்று வேளைச் சாப்பாட்டோடு. ஜன்னல் திறக்காது என்றுகூட எழுதினேன். ஒரு பொய்யும் இல்லை. விடுபட்ட ஒரே தகவல், அங்கே கட்டில் விரிப்பவளின் பெயர்.

மூன்று நட்சத்திரக் கப்பல் என்றேன். எந்த நட்சத்திரத்தில் புறப்படுகிறது என்று அம்மா கேட்டார். என் வாய் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம்.

அப்பா பச்சை எழுத்தைத் தொட்டு, "இதைப் பதி" என்றார்.

செப்டம்பர் 10
பதிந்தாயிற்று. அக்காவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் லீவு போட்டுவிட்டு ஓடிவிடுவாள்.

செப்டம்பர் 28
போச்சு. அம்மா கோயில் நாட்காட்டியைப் பிரித்தார். கந்தசஷ்டி ஒக்டோபர் 22ஆம் தேதி தொடங்குகிறது. ஆறு நாளும் அம்மாவுக்கு விரதம், இரவில் மட்டும் பாலும் பழமும். பள்ளி விடுமுறையைப் பார்த்தேன், விலையைப் பார்த்தேன். முருகனைப் பார்க்கவில்லை.

"மூண்டு நேரச் சாப்பாட்டுக்கும் காசு கட்டிப்போட்டு விரதமோ? கான்சல் பண்ணு," என்றார் அப்பா.

சிரிக்கப் பகிடி ஒண்டும் வரேல்லை. மேல்தட்டைப் பாத்துக்கொண்டு கிடக்கிறன். எனக்கு அவளைப் பாக்கோணும். வேறை ஒண்டும் வேண்டாம்.

செப்டம்பர் 29
கெல்லரில் மெஷின் சுற்றிக்கொண்டிருக்க, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா நனைந்த துவாயை நெடுநேரம் உதறினார். மேலே வந்து அப்பாவிடம், "முருகன் கப்பலிலையும் இருப்பார். நான் அங்கை விரதம் பிடிக்கிறன்," என்றார். அப்பாவின் முணுமுணுப்பு ஒரு மணி நேரம் ஓடியது.

கப்பலின் உணவுப் படிவத்தில் அம்மாவின் பாலையும் பழத்தையும் எழுதி அனுப்பினேன்.

ஒக்டோபர் 21
ஏறிவிட்டோம். அக்காவைக் காணவில்லை. நூற்றுப்பத்து மீட்டர் கப்பலில் ஒருத்தி எங்கே ஒளிவாள்?

ஒக்டோபர் 22, கோப்லென்ஸ்
இரவுச் சாப்பாட்டு மண்டபம். எங்கள் மேசைக்குப் பாலும் வாழைப்பழமும் கொண்டுவந்தது அக்கா. சமையலறையில் படிவத்தைப் பார்த்திருக்கிறாள். ரைனில் இப்படிச் சாப்பிடுகிற பயணி யாரென்று அவளுக்குத் தெரியாதா? அவளுக்கு வைத்த அதிர்ச்சி எனக்கே வந்து சேர்ந்தது.

"சூடு பாத்துக் குடியுங்கோ, அம்மா."

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தார், விடவில்லை. நான் ஆயிரம் பகிடி சேர்த்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் மறந்து அவள் கைத்தட்டை வாங்கிப் பிடித்துக்கொண்டேன். அப்பா சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசை கூப்பிட, அக்கா போய்விட்டாள்.

ஒக்டோபர் 23
அப்பா இன்றும் பேசவில்லை. ஆனால் விடிந்ததும் மூன்று கட்டிலையும் தானே விரித்தார். அக்கா வருவதற்கு முன்பே, மூலையெல்லாம் இழுத்து.

ஒக்டோபர் 24, ஸ்ட்ராஸ்பூர்க்
மத்தியானம் எல்லோருக்கும் இலவச பஸ் சுற்றுலா. சப்பாத்து கடிக்கிறது, நீங்கள் போங்கோ என்றார் அப்பா. இலவசத்தை அவர் விட்டு நான் பார்த்ததே இல்லை. அம்மாவும் நானும் போனோம். தேவாலயத்தின் உயரம் கேட்டால் எனக்குத் தெரியாது. கை மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பியபோது மேல்தளத்தில் அப்பா தனியே நின்றார். பக்கத்தில் இரண்டு கதிரை, குடித்து முடித்த இரண்டு தேத்தண்ணிக் கோப்பை. அந்தக் குளிரில் வெறும் சேர்ட்டோடு.

"ஜக்கெட் எங்கை?" என்று அம்மா கேட்டார்.

அப்பா ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார்: "அவள் போட்டபடியே வேலைக்கு ஓடிட்டாள். எட்டு மணிக்கு முடியுமாம்."