காத்துகூட நுழையாத கதவு

அன்புள்ள கண்ணுக்கு, சித்தி எழுதறது. நானும் சித்தப்பாவும் ஆண்டவன் புண்ணியத்துல சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டு நல்லாவே இருக்கோம். நீயும் மருமகளும் நடக்கப் பழகற குட்டியும் நல்லா இருக்கணும்னு காலையில முகம் கழுவினதும் முதல்ல அதத்தான் வேண்டிக்கறேன், மத்ததெல்லாம் அப்புறம்.

போன்லயே சொல்லியிருப்பேன், நான் போன எடுத்தா இவர் பக்கத்துல வந்து உக்காந்துக்கறார், அதான் எழுதறேன். குட்டி படியில உருண்டுடக் கூடாதுன்னு வெளி வராந்தாவுல நீயே மரக்கதவு செய்யப் போறேன்னதும், பலகைய ஒண்ணோட ஒண்ணு பசை போட்டு இறுக்கு, மயிரிழைகூட நுழையக் கூடாதுன்னு மழைக்கு முன்ன சித்தப்பா சொன்னாரில்ல, அத அப்படியே செஞ்சிடாத. காலமெல்லாம் வீட்டுக்குள்ள வைக்கற பீரோவும் மேசையும் செஞ்ச மனுஷன், அதே கையோட நம்ம தோட்டத்துக்கு ஒரு கதவு செஞ்சார். காத்துகூட இவர்கிட்ட கேட்டுட்டுத்தான் போகணும், அப்படி ஒரு இறுக்கம். வர்றவங்க போறவங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் பிடிச்சுது பாரு மழை, விட்டபாடில்ல. துணி எடுக்கத் தோட்டத்துக்குப் போன நான், பாதியில நின்ன கதவ இழுத்துச் சாத்தினேன், அவ்வளவுதான், திறக்கல. நான் அந்தப் பக்கம் தள்ள, இவர் இந்தப் பக்கம் இழுக்க, கைப்பிடி கையோட வந்துடுச்சு. பக்கத்து வீட்டுத் தையல்காரி சுவத்துக்கு மேல எட்டிப் பாத்து, என்னக்கா, அண்ணன் உங்கள ஒருவழியா வெளிய அனுப்பிட்டாரான்னு கேக்கறா. நனைஞ்சுக்கிட்டே சிரிச்சேன். இவருக்குத்தான் சிரிப்பு வரல. கடைசில சுத்திக்கிட்டு வாசல் வழியாத்தான் உள்ள வந்தேன். விடிஞ்சு பாத்தா, ஊறின பலகையெல்லாம் சேந்து சட்டத்தையே நெம்பித் தள்ளி, மூலையில சட்டத்தக் கோத்திருந்த மர நாக்கு துளைய விட்டு வெளிய வந்து நிக்குது.

கொஞ்ச நாள் இவர் பட்டறைப் பக்கமே போகல. என் கை போயிடுச்சுடின்னு ஒரு வார்த்தை சொன்னார். ஆண்டவனே, இந்த மனுஷன் கையில வேலையக் குடுன்னு அழுதேன். அப்புறம் ஒரு நாள் பிரிச்ச பலகையக் காய வெச்சு அளந்துக்கிட்டே, நீளத்துல ஒண்ணும் ஆகல, அகலத்துலதான் ஊதுது, அகலத்துலதான் வத்துதுன்னு தானாப் பேசிக்கிட்டார். இப்ப அதே பலகைய ஓரம் இழைச்சு, ஒண்ணுக்கொண்ணு இடுக்கு விட்டு, சட்டத்துல பள்ளமா வெட்டின காடியில பசையே இல்லாம சொருகியிருக்கார். மறுபடி மழையும் அடிச்சுது, இடுக்குதான் சுருங்குச்சு, கதவு விரலால தள்ளினாத் திறக்குது. வேலையே இல்லாட்டியும் போய்த் திறந்து மூடிட்டு வர்றார். இத உன்கிட்ட சொல்லுங்கன்னா மட்டும், அவன் என்ன சின்னப் பிள்ளையா, பாத்துப்பான்னு முகத்தத் திருப்பிக்கறார். தப்பா சொல்லிட்டேன்னு ஒத்துக்க வாய் வரல.

இத எழுதிக்கிட்டு இருக்கும்போதே பின்னால நின்னு படிச்சிட்டார். திட்டு விழும்னு பாத்தேன். கண்ணாடியச் சரி பண்ணிக்கிட்டு, ஆணிய விட்டுட்டியே, ஒவ்வொரு பலகைக்கும் நடுவுல மட்டும் அடிக்கச் சொல்லு, ரெண்டு ஓரமும் அடிச்சாப் பிளந்துடும், நான்தான் சொன்னேன்னும் எழுதுன்னார். எழுதிட்டேன்.

குட்டியோட விரல் மாட்டாத அளவுக்கு இடுக்கு விடு, மறந்துடாத. ஆண்டவன் உங்க மூணு பேரையும் கண்ணுக்குள்ள வெச்சுக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் சித்தி, கூடவே நிக்கற சித்தப்பா