நாலாவது வளைவில் மஞ்சள் தொப்பி

மன்னி,

புது டி.வி.யைச் சுவரில் மாட்ட வந்தவர், பழைய பெட்டியை இறக்கும்போது அதன் பின்னாலிருந்து ஒரு ரிமோட்டை எடுத்து நீட்டினார். "இது வேணோ சேச்சி, களயட்டே?" என்று கேட்டார். பிளாஸ்டிக் உறை போட்டு ரப்பர் பேண்டு சுற்றிய நம் பழைய ரிமோட். ரப்பர் இற்றுப்போய் உறையோடு ஒட்டிக் கிடந்தது. பிரித்துப் பார்த்தேன், உள்ளே இன்னும் தேங்காயெண்ணெய் வாசம். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, அதே கையால் ரிமோட்டை எடுப்பீர்கள். சத்தத்தைக் குறைக்கும் பொத்தானில் மட்டும் குறியே இல்லை, வழுவழுவென்று இருந்தது. அதைத் தேய்த்தது நீங்கள்தான். தூக்கிப்போட வேண்டாம் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

கரமனையில் அந்த நீள வீட்டில் கீழே நீங்கள், மாடியில் நாங்கள். மூத்த மருமகளும் இளைய மருமகளும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் பத்து நாளில் பாத்திரம் பறக்கும் என்று தெருவே காத்திருந்தது. நாம் அவர்களை ஏமாற்றினோம். வாரம் முழுக்க நான் ஆபீசில் பைல்களோடு மல்லுக்கட்டுவேன். ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு வேலையெல்லாம் ஓய்ந்தபின் கீழே இறங்கி வந்தால், நடு அறையில் டி.வி.க்கு வெகு அருகில், மடியில் பயற்றங்காயும் கையில் கத்தியுமாக உட்கார்ந்திருப்பீர்கள். திரையில் கார்கள் சுற்றிக்கொண்டிருக்கும்.

அதை வெளியே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வலியசாலைக் கோயில் உற்சவம் எந்தத் தேதி என்று உங்களிடம் கேட்கிற மாமிகளுக்கு, அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயத்தில் போன வாரம் யார் சுவரில் இடித்தான் என்பதும் உங்களுக்குத் தெரியும் என்று தெரியாது. பார்வைக்கு ரோட்டில் ஓடும் சாதாரண காரைப் போலவே இருக்கும் வண்டிகள், முட்டை வடிவப் பாதையில் இடதுபக்கமாகவே சுற்றிச் சுற்றி வரும். எனக்கு முதலில் தலை சுற்றியது. நீங்கள் பந்தயம் பார்க்கவில்லை, பார்க்க வந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பது அப்புறம்தான் புரிந்தது.

சேதுதான் காரணம். அத்தை மகளைக் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு அமெரிக்கா போன உங்கள் ஒரே பிள்ளை. அவன் பெயரை அதன்பிறகு அவன் அப்பாவான பெரியவர் வாயில் நான் கேட்டதில்லை. மாதம் ஒருமுறை போன் வரும். மணி அடித்ததும் பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் போய்விடுவார். சேதுவும் ஊருக்கு வருவதாகக் காணோம். கேட்டால் அடுத்த வருஷம் என்பான். போட்டோ அனுப்படா என்றால் எடுக்கணும்மா என்பான். ஒருநாள் பேச்சுவாக்கில், "இங்க பக்கத்துல கார் ரேஸ் கிரவுண்டு இருக்கும்மா, ஆபீஸ்ல எல்லாரும் போறா, நானும் ஒரு நாள் போகணும்" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான். கேபிளில் அந்த சேனல் எந்த நம்பர் என்று நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

பிள்ளையின் முகத்தைத் தேடுகிறவர்களுக்கு அந்த ஒளிபரப்பைப் போல ஒரு பகை கிடையாது. காமிரா எப்போதும் முன்னால் போகிற காரின் வாலைப் பிடித்துக்கொண்டே ஓடும். கூட்டத்தின் பக்கம் திரும்பினால், அதே வேகத்தில் இழுத்துக்கொண்டு போய்விடும். கலர் கோலப்பொடியைக் கையால் கலைத்த மாதிரி இருக்கும். ஒரு வண்டி மோதினால் அதையே ஐந்து பக்கத்திலிருந்து திரும்பத் திரும்பக் காட்டுவான். அந்த நேரத்தில் மற்ற வண்டிகள் என்ன செய்தன என்று சொல்ல மாட்டான். முழுப் பந்தயமும் நமக்குக் கிடைக்காது; வெட்டி ஒட்டி ஒரு மணி நேரம். விளம்பரத்துக்கு முன்னால் பத்தாவதாக வந்தவன், விளம்பரம் முடிந்ததும் முதலில் இருப்பான்.

"நடுவுல என்ன ஆச்சுன்னு சொல்றதுக்கு ஒருத்தன் இல்லை. பேசறது மட்டும் வாய் ஓயாமப் பேசறான்" என்று சொல்லிச் சத்தத்தை அடைத்துவிடுவீர்கள்.

போதாக்குறைக்கு நம் கேபிள் சசி. ஓணம் வந்தால் திரையின் அடியில் புடவைக்கடை விளம்பரத்தை ஓட்டுவான். கூட்டத்தின் கீழ்வரிசை முழுக்க அதில் மறைந்துபோகும். நீங்கள் போனில் கூப்பிட்டு, "சசியே, ஆ பரஸ்யம் ஒந்நு மாற்றித் தரணே, பிள்ளேரெக் காணான் வய்யா" என்று, விளம்பரத்தில் பிள்ளைகளைப் பார்க்க முடியவில்லையென்று கெஞ்சினீர்கள். எந்தப் பிள்ளைகள் என்று அவனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் மாற்றினான்.

நாம் செய்த பைத்தியக்காரத்தனத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அந்த முட்டைப் பாதைகள் எல்லாம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். எல்லாப் பந்தயமும் சேது இருக்கிற ஊரில்தான் நடக்கிறது என்று இரண்டு பேருமே நினைத்திருந்தோம். படித்து உத்தியோகம் பார்க்கிற எனக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? நீல சட்டையில் ஒருவன், கண்ணாடி போட்ட ஒருவன் என்று வாராவாரம் சேதுவின் சாயலைப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் என்னவர் மாடியிலிருந்து இறங்கி வந்தவர் நின்று பார்த்துவிட்டு, "மன்னி, இது வாராவாரம் வேற வேற ஊராக்கும். சேது இருக்கற இடத்துலேர்ந்து இது நம்ம காசி தூரம் இருக்கும்" என்றார்.

எனக்கு மானம் போயிற்று. மாசக்கணக்கில் பிள்ளையை இல்லாத ஊரிலெல்லாம் தேடியிருக்கிறோம். உங்கள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. நீங்கள் கொஞ்ச நேரம் பயற்றங்காயை நறுக்கினீர்கள்.

"சாரமில்லை விஜயம், போனாப் போறது" என்றீர்கள். "அவனைக் காணாட்டாலும் யாரோ பெத்த குழந்தைகளையாவது கண்டோமே. அவா அம்மாக்கள் கண்டாளோ என்னமோ."

அதன்பிறகும் பார்ப்பதை நிறுத்தவில்லை நீங்கள். பந்தயமே பிடித்துப்போயிருந்தது. முக்கியமாக அந்த மஞ்சள் கொடி. யாராவது மோதிவிட்டால் உடனே மஞ்சள் கொடி காட்டுவார்கள். அத்தனை வண்டிகளும் வேகத்தைக் குறைத்து வரிசையில் போகும். யாரும் யாரையும் முந்தக்கூடாது. வெகுதூரம் பின்தங்கிப்போன வண்டிகூட அந்த நேரத்தில் மெல்ல வந்து ஒட்டிக்கொள்ளும். "ஒருத்தனுக்கு அடிபட்டா எல்லாரும் மெதுவாப் போறா பாரு. பின்னாடி விட்டுப்போனவனும் வந்து சேந்துக்கறான்" என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்ப்பதுபோலச் சொல்வீர்கள். ஒருமுறை முன்னறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நம்மாத்துக்கும் யாராவது ஒரு மஞ்சக்கொடி காட்டினாத் தேவலை" என்றீர்கள். நான் சிரிக்கவில்லை. அன்று உங்கள்மேல் எனக்கு வந்த பிரியத்தைச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

சேதுவின் ஊரில் ஐப்பசியில்தான் பந்தயம் என்று தெரிந்துகொண்டீர்கள். அவனும் போனில், "டிக்கெட் எடுத்தாச்சும்மா. நாலாவது வளைவு, கீழ்வரிசை. மஞ்சத் தொப்பி போட்டுப்பேன், பாத்துக்கோ" என்றான். அங்கே நடந்தது இங்கே அடுத்த ஞாயிறுதான் வரும். அந்த ஒரு வாரம் உங்கள் கால் தரையில் பாவவில்லை. சசியைக் கூப்பிட்டு அன்றைக்கு மட்டும் எந்த விளம்பரமும் கூடாது என்று சொல்லி வைத்தீர்கள். மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து வைத்தீர்கள். பெரியவரும் அன்று வெளியே போகவில்லை. முன்னறையில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தாள் திருப்பும் சத்தமே கேட்கவில்லை.

ஐப்பசி மாசத்துத் துலாமழை வந்தது. கூரை ஓட்டில் கல்லைக் கொட்டுவதுபோலக் கொட்டியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு என்று கார்கள் போய்க்கொண்டிருந்தன. காமிரா அன்றைக்கென்று நின்று நிதானமாகத் திரும்பியது. நாலாவது வளைவின் கூட்டம் திரையில் நுழைகிற நேரத்தில் ஒரு இடி. திரை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. "ஐயோ, போச்சே!" என்று இரண்டு பேரும் கத்தினோம். சசியின் கம்பியில் எங்கோ மின்னல் இறங்கிவிட்டது. படம் திரும்பி வந்தபோது யாரோ ஒருவன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நின்றான். நீங்கள் அழவில்லை. எழுந்துபோய்க் காப்பிக்குத் தண்ணீர் வைத்தீர்கள். நான்தான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

விளக்கேற்றும் நேரத்துக்குப் போன் வந்தது. போன் முன்னறையில். பெரியவர் செருப்பைத் தேடவில்லை, பேப்பருக்குப் பின்னாலேயே இருந்தார். நீங்கள் எடுத்தீர்கள். நான் பக்கத்தில் நின்றேன்.

"கண்டேன்டா" என்றீர்கள். "நன்னாக் கண்டேன். மஞ்சத் தொப்பி. ஏண்டா இப்படி மெலிஞ்சு போயிருக்கே? வேளைக்குச் சாப்பிடறது இல்லையா?"

நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் வெகுநேரம் சத்தமே இல்லை. அப்புறம் என்ன சொன்னானோ, நீங்கள் "சரி, உடம்பைப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டீர்கள். உள்ளே திரும்பி நடந்தபோது பேப்பருக்குப் பின்னாலிருந்து பெரியவரின் குரல் வந்தது.

"ரொம்ப மெலிஞ்சா இருக்கான்?"

எத்தனையோ வருஷங்களுக்கு அப்புறம் பிள்ளையைப் பற்றி அவர் கேட்ட முதல் வார்த்தை அது. நாம் போட்ட கூச்சல் மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லையா, கேட்டுவிட்டும் கேட்டாரா, எனக்குத் தெரியாது. நீங்கள் திரும்பிப் பார்க்காமலே, "எலும்பும் தோலுமா இருக்கான்" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள்.

அடுக்களையில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "மன்னி, நீங்கோ எப்போ கண்டேள்?"

"காணாட்டா என்ன? மெலிஞ்சுதான் இருப்பான். அது எனக்குத் தெரியாதா?" என்றீர்கள். "நீ தேங்காயைத் துருவு."

அடுத்த சித்திரையில் சேது வந்தான். விமான நிலையத்துக்குப் பெரியவர்தான் போனார், அரைமணி முன்னாலேயே கிளம்பி. ஊருக்கே தெரிந்த கதை இது. உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

உங்கள் வருஷாப்திகத்துக்கு, முதல் வருஷத் திவசத்துக்கு, வந்த சேது, காரியமெல்லாம் முடிந்தபின் அடுக்களை வாசலில் வந்து நின்றான். தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது அவனுக்கு. "சித்தி, ஒண்ணு சொல்லணும்" என்றான். "அந்த ரேசுக்கு நான் போகவே இல்லை. டிக்கெட்டும் எடுக்கலை, ஒண்ணும் எடுக்கலை. எனக்கு அங்க கூடப் போறதுக்கு யாரும் கிடையாது. வேலையும் போயிருந்த சமயம். ஒரு வேளைதான் சாப்பிடுவேன். அம்மா நீ போனியா, போனியான்னு கேட்டுண்டே இருந்தா. சந்தோஷப்படட்டும்னு வெறுதே பொய் சொல்லிட்டேன். அம்மா கண்டேன்னு சொன்னதும் எனக்குப் பேச்சே வரலை. நிஜமாவே நான் அப்போ எலும்பும் தோலுமாத்தான் இருந்தேன் சித்தி. வேற யாரையோ கண்டுட்டு, எப்படி சரியாச் சொன்னா? அன்னிக்கு ராத்திரிதான் எப்படியாவது ஊருக்கு வந்துடணும்னு தீர்மானிச்சேன்."

இடி விழுந்ததையும், திரை வெளுத்ததையும் நான் அவனிடம் சொல்லவில்லை. நீங்கள் யாரையுமே காணவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் அங்கே இல்லை, நீங்களும் காணவில்லை. ஆனாலும் அவனை அன்றைக்குப் பார்த்தவர் நீங்கள் ஒருத்தர்தான். இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொள்ளடா என்று மட்டும் சொன்னேன்.

இப்போது ஒளிபரப்பு எவ்வளவோ நன்றாகிவிட்டது மன்னி. இடி இடித்தாலும் படம் அசைவதில்லை. காமிராவும் கூட்டத்தில் நின்று, ஒவ்வொரு முகமாகத் துல்லியமாகக் காட்டுகிறது. பேசுகிறவன் மட்டும் இன்னும் வாயை மூடவில்லை. உங்களுக்காக அவன் சத்தத்தை அடைத்துவிடுகிறேன். யார் ஜெயித்தான் என்று எனக்கு இன்றுவரை அக்கறை கிடையாது. உங்களிடமிருந்து தொற்றிய கண் எனக்கு, கூட்டத்துக்குத்தான் போகிறது.

புது டி.வி. மாட்டிய முதல் ஞாயிறு பார்த்தேன். வளைவுப் பக்கம், கீழ்வரிசையில் தனியாக ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். மஞ்சள் தொப்பிதான். முகம் தெளிவாகத் தெரிந்தது. யார் பெற்ற பிள்ளையோ. மெலிந்துதான் இருந்தான்.

உங்கள்
விஜயம்