பொதுப் பங்கு

செவ்வாய்ச் சுற்றுப்பாதை ஆய்வகம்
பதிவு: மருத்துவர் இன்பரசி. என்னைத் தவிர இங்கே வேறு யாரும் இல்லை.

நாள் 301, 08:10
கீழே குடியேற்றத்திலிருந்து இரத்த மாதிரிகள் வந்தன. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைச் சோதனையின் கடைசிச் சுற்று. பெண்களில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டப்பாக்கள் எல்லாம் காலியாகத் திரும்பியிருக்கின்றன. ஒருத்திகூட ஒருநாளும் விடவில்லையாம். இவ்வளவு சமர்த்தான கூட்டத்தை நான் எந்தச் சோதனையிலும் பார்த்ததில்லை. காபித்தூள் தீர்ந்துவிட்டது.

நாள் 303, 11:40
யாருக்கு எந்த மாத்திரை என்ற பட்டியலைப் பூமியில் ஆய்வுக் குழு திறந்துவிட்டது.
"இரு பிரிவிலும் தொற்று ஒரே அளவு. மருந்துக்குப் பலன் இல்லை. அடுத்த கப்பலில் மாத்திரை ஏற்ற வேண்டாம்."
எரிச்சலாக வருகிறது. எலியிடம் வேலை செய்தது, குரங்கிடம் வேலை செய்தது, இங்கே வந்ததும் படுத்துக்கொண்டதா? இரத்தத்தை மறுபடி சோதிக்கப் போகிறேன்.

நாள் 303, 16:25
வெறும் மாத்திரை வாங்கியவர்களின் இரத்தத்தில் மருந்து! மருந்து வாங்கியவர்களுக்கோ இருக்கவேண்டியதில் பாதிதான். கருவியைக் கழுவி இன்னொரு முறை ஓட்டினேன். அதேதான். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அமலோற்பவத்தைக் கூப்பிட்டேன். தண்ணீர்ப் பிரிவு மேற்பார்வையாளர். சோதனைக்குப் பெண்களைச் சேர்த்துக் கொடுத்ததே அவர்தான்.

"ஆமா டாக்டர், எல்லார் மாத்திரையையும் ஒரே டிரம்முல கொட்டிக் கலக்கித்தான் பங்கு வைக்கிறோம். நான்தான் கலக்குவேன். மொத வருசம் தண்ணி வத்துனப்போ வந்த பழக்கம். இங்க எது வந்தாலும் பொதுப் பங்குதான். ஒருத்திக்கு மருந்து, ஒருத்திக்கு மாவுன்னா அடுக்குமா? ஆனா தெனமும் தவறாம சாப்பிட்டோம். பொய் சொல்லல."

பொய் சொல்லவில்லைதான். ஒருநாள் மருந்து, மறுநாள் மாவு. காப்பாற்றும் அளவு எந்த உடம்பிலும் சேரவில்லை. இவர்கள்மேல் கோபப்படலாம் என்று பார்த்தால் கோபம் வரமாட்டேன் என்கிறது. எப்படிப் பழகுகிறார்கள் என்று கேட்காமல் டப்பாவை எண்ணிக்கொண்டிருந்தது நாங்கள்தான்.

நாள் 304, 09:30
பூமிக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். பதில்:
"இரத்த அளவு மட்டும் போதாது. மாத்திரையைக் கலந்தவரே தன் வாயால் வாக்குமூலம் தர வேண்டும். கப்பல் நாளை பூமியிலிருந்து கிளம்புகிறது. அதற்குள் வராவிட்டால் மாத்திரைப் பெட்டிகள் ஏற்றப்படமாட்டா."
இதை விட்டால் அடுத்த கப்பலுக்கு இரண்டு வருடம் ஆகும். கீழே இன்னும் தொற்று வராத பெண்கள்தான் அதிகம். அதுவரை அவர்களை யார் காப்பது?

நாள் 305, 13:15
வாக்குமூலம் கேட்க அமலோற்பவத்தை அழைக்கக் கை போனபோது அவரே அழைத்தார். அவரவர் முடிவைக் குழு அவரவருக்கே அனுப்பிவிட்டதாம்.

"எனக்கும் அந்த நோய் வந்துருச்சு டாக்டர். நீங்க அன்னிக்கு அப்படிக் கேட்டதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. நாம கலக்குனதாலதான் இத்தன பொண்ணுங்களுக்கு வந்துச்சோன்னு. ஜோதிக்கு வந்துச்சு, அவளுக்கு இருபது வயசுகூட ஆகல. மாத்திரையே வேலை செய்யாதுன்னு அந்தக் கடுதாசில போட்டிருக்கு. அப்ப என் கையில தப்பில்ல. எனக்கு அது போதும், நிம்மதியா இருக்கேன். நீங்க எதுக்குக் கூப்பிட்டீங்க?"

நான் ஒன்றுமில்லை என்றேன். கோழை.

நாள் 305, 14:50
கப்பல் கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம்தான். இதைக் கண்டெடுப்பவரே, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான்கு முறை இணைப்பைத் திறந்து மூடினேன். அவர் ஒவ்வொரு முறையும் "சொல்லுங்க டாக்டர்" என்கிறார். இப்போது மூடமாட்டேன். நான் பேசுவதும் இதில் பதிவாகட்டும்.

"அமலோற்பவம், அந்த மாத்திரை வேலை செய்யும். நீங்க மட்டும் அதைக் கலக்காம இருந்திருந்தா..."