கோயில் மண்டபத்துப் பாயில்

என் பிள்ளைகளின் அம்மாவுக்கு,

லாங்கன் பழக்கூடையைத் தூக்கும்போது எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நான்கு நாள் நிமிரவே முடியவில்லை. கடைசியில் தம்பிதான் கோயில் மண்டபத்தில் மசாஜ் செய்யும் கேசோனிடம் கொண்டுபோய் விட்டான்.

அவள் என்னைப் பாயில் படுக்கவைத்து, கைகூப்பிக் குருவை வணங்கிவிட்டுப் பாதத்திலிருந்து தொடங்கினாள். வலி இருந்தது இடுப்பில். அவள் கட்டைவிரலோ அவசரமில்லாமல் ஒவ்வொரு நரம்பாக மேலே ஏறி வந்தது. உள்ளங்கை, முழங்கை, முழங்கால் என்று தன் உடம்பையே சாய்த்து அழுத்தினாள். நான் மரக்கட்டை மாதிரி கிடந்தேன்.

"மூச்சை விடுங்கண்ணே! நான் என்ன உங்களை அடிக்கவா வந்திருக்கேன்?" என்று சிரித்தாள்.

விட்டேன். எலுமிச்சைப் புல் வைத்துக் கட்டிய துணி முடிச்சால் சுடச்சுட ஒத்தடம் வைத்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒன்றரை மணி நேரத்தில் நானே எழுந்து நின்றேன். என்ன கைகள் அவை!

"என் வீட்டுக்காரியும் பாங்காக்ல இதே வேலைதான் செய்யறா" என்றேன். மூன்று வருடமாக ஊரில் எல்லோரிடமும் நீ தையல்கடையில் வேலை செய்கிறாய் என்றுதான் சொல்லிவந்தேன். உனக்கே அது தெரியும்.

"அட! அவங்க அழுத்தமா புடிப்பாங்களா, பதமாவா?"

"தெரியாது" என்றேன். நீ மசாஜ் படிப்பை முடித்து வந்த அன்று பாயை விரித்து என்னைக் கூப்பிட்டாய். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

இடுப்பு இப்போது சரியாகிவிட்டது. வலது தோள் மட்டும் இன்னும் பிடிப்பாக இருக்கிறது. அதைக் கேசோனிடம் காட்டவில்லை.

உன் வீட்டுக்காரன்