பத்திரமான இடம்

வேப்பம்பட்டு,
ஞாயிறு.

மகள் லாவண்யாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை யாழினியும் புனேயில் நலமாக இருக்க வேண்டும்.

"இப்போ வர வேணாம்" என்று போனில் நான் சொன்னதும், "இன்னும் அந்தக் கோவம் தீரலையாப்பா?" என்று கேட்டு வைத்துவிட்டாய். உன் அம்மா பக்கத்தில் நின்றதால் காரணத்தைச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுத மாட்டேன். குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று, அத்தனை பேர் நடுவில், மரம் இழைக்கிற என் இரும்பு இழைப்புளியைக் கையில் எடுத்தார் மாப்பிள்ளை. போனில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு, "மாமா, இது அந்தக் கம்பெனியோட சீப் மாடல். துரு வேற. காயலாங்கடைக்குப் போட்டுடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். காயலாங்கடையிலிருந்துதான் நான் அதை வாங்கி வந்தேன் என்பது உங்கள் யாருக்கும் தெரியாது.

சரிசெய்து காட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எனக்கு எந்த ஆசாரியும் சொல்லித் தரவில்லை. ஆவடி ஃபேக்டரியில் பெயின்ட் அடித்தவன் நான். வினிகரில் ஊறவைத்துத் துருவை எடுத்தேன். சமையல் மேடை போட்டபோது மிஞ்சிய கிரானைட் துண்டில் உப்புத்தாளை ஒட்டி, அடிப்பக்கம் சமமாகும்வரை தேய்த்தேன். விலை கூடியதில் பிளேடை நேராக்க ஒரு நெம்புகோல் இருக்கும். இதில் கிடையாது. சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் நேராக்க வேண்டும். பிளேடைத் தீட்டும்போதெல்லாம் உன் அம்மா கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கூடவே உட்கார்ந்திருந்தாள். "மாப்ள ஒரு வார்த்த சொன்னாரு, நீ ஊட்டையே பட்டறையாக்கிட்டியேய்யா" என்று கிண்டல் செய்தாள். கடைசியில் கைமயிரை வழிக்கிற அளவுக்குக் கூர் வந்துவிட்டது.

குழந்தை வரப்போகிறதே என்று பிளேடைக் கழற்றித் துணியில் சுற்றினேன். என் கையெல்லாம் எண்ணெய். "இழைப்புளி பிளேடு, பத்திரமா வை" என்று அவளிடம் கொடுத்தேன். வைத்தாள். எங்கே வைத்தாள் என்பது அவளுக்கு நினைவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, லாவண்யா. அரிசி டிரம்மைக் கொட்டிப் பார்த்தேன். தலையணை உறைகளைக் கழற்றினேன். யாழினிக்கு வாங்கி வைத்த கவுன்களை ஒவ்வொன்றாக உதறினேன். தவழுகிற பிள்ளையின் கைக்கு எது எட்டும் என்று பார்க்க, நானே முட்டி போட்டு வீடு முழுக்கத் தவழ்ந்தேன். "இன்னாய்யா, பேத்திக்கு முன்னாடி நீ தவழுறே?" என்று உன் அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேடிய இடத்தில் வீட்டுச் சாவி கிடைத்தது. அப்பளப் பெட்டிக்குள் இருந்தது. வயதானால் மறதி வரத்தான் செய்யும்.

பிளேடு கிடைக்கும்வரை குழந்தையைக் கூட்டி வராதே. காரணம் இதுதான். கோபம் வேறு விஷயம்.

புதன்.

தபாலில் போடாமல் வைத்திருந்தேன். பிளேடு கிடைத்துவிட்டது.

கொஞ்ச நாளாகவே ரசம் கறுத்துப்போய், நாக்கில் இரும்பு வாடை அடித்தது. குறை சொல்லிக்கொண்டேதான் சாப்பிட்டேன். இன்று புளி கரைத்துக்கொண்டிருந்தவளின் கையைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. ஓடிப்போய்ப் புளிப் பானைக்குள் பார்த்தேன். துணி பிரிந்து, கூர் மேலே பார்த்தபடி உள்ளே கிடந்தது. அந்தப் பானைக்குள்தான் அவள் தினமும் கைவிட்டிருக்கிறாள். விரலில் ஒரு கீறல்கூட இல்லை. எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

"இங்க ஏன் வெச்சே கமலம்?" என்று கேட்டேன். "நீதானேய்யா புளி, பத்திரமா வைன்னு குடுத்தே. புளிய வேற எங்க வெப்பாங்க?" என்றாள். கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு பிளேடை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது இன்னாதுய்யா?" என்று கேட்டாள்.

அதைத் தீட்டத் தண்ணீர் ஊற்றியவள் அவள்தான்.

உப்பும் புளியும் அரித்ததில் கூர் போய்விட்டது. பரவாயில்லை, மறுபடி தீட்டிக்கொள்ளலாம். அது எனக்குத் தெரிந்த வேலை. இப்போதைக்கு டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் கிளம்பி வா. லீவு கிடைக்கட்டும் என்று தள்ளிப்போடாதே. மாப்பிள்ளையையும் கூட்டி வா. மறுபடி மலிவு மாடல் என்று சொன்னாலும் நான் வாய் திறக்க மாட்டேன். அதற்காக ஒத்துக்கொண்டேன் என்று அவர் நினைக்கக் கூடாது. ஆவடியில் ஒரு டாக்டர் இருக்கிறார், காட்டுங்கள் என்று பக்கத்து வீட்டு சபீனா சொல்கிறாள். நீ வந்த பிறகு போகலாம். அவர் சொல்லப்போவதை நான் ஒற்றை ஆளாக உட்கார்ந்து கேட்க மாட்டேன்.

இன்னும் ஒன்று. எப்போது வந்தாலும் ஓசைப்படாமல் கேட்டைத் திறந்து, பின்னால் வந்து அம்மா கண்ணைப் பொத்துவாயே, இந்தத் தடவை அது வேண்டாம். வாசலிலேயே நின்று, "அம்மா, லாவண்யா வந்திருக்கேன்" என்று சத்தமாகச் சொல். அவள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடு.

உங்கள் மூவருக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

அப்பா,
உலகநாதன்