விருந்து வைத்த குற்றம்

பிப்ரவரி 9, திங்கள்

காலையிலிருந்து மணி உருட்டி விரல் நுனி எரிகிறது. பழைய காலண்டர் தாளை நீள முக்கோணமாக வெட்டி, ஊசியில் சுற்றி, பசை ஒட்டி, வார்னிஷில் முக்கினால் மணி. கோத்தால் மாலை. ஒவ்வொரு மாலையிலும் என் படத்தோடு ஓர் அட்டை தொங்கும்: "நல்வோகா, விதவை. இவள் சிரிப்பையே மறந்தவள்." படம் எடுத்த அன்று சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். தொண்டு நிறுவனத்திலிருந்து எங்களை மேய்க்கிற இம்மாகுலேட் மேடம்தான் வாயை மூடச் சொன்னாள்.

இன்று அவளே சேதி கொண்டுவந்தாள். அடுத்த வாரம் வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். இனி மாலை ஆர்டர் எங்களுக்கா, இல்லை எதிர்மேட்டுக் கூடைக்காரிகளுக்கா என்று அவர்கள்தான் முடிவு செய்வார்களாம்.

"அவங்க உங்களைவிட ஏழையாத் தெரியறாங்கம்மா. பார்த்து நடந்துக்குங்க."

இதிலுமா போட்டி?

பிப்ரவரி 12, வியாழன்

ஆர்டர் போனால் மிரெம்பே போவாள். அதை நினைத்தால் பசை ஒட்டவில்லை.

அக்கா செத்தபோது இடுப்பில் ஏறிய பிள்ளை. என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் பக்கம் தாயின் தங்கையும் தாய்தான், அதில் பேச்சே இல்லை. மேடத்துக்கு மட்டும் அவள் அனாதை. "முடியலைன்னா எங்க இல்லத்துல விட்டுடுங்க நல்வோகா, கட்டில் காலியா இருக்கு," என்கிறாள். கட்டில் காலியாக இருந்தால் அதில் அவள் போய்ப் படுக்கட்டுமே.

பிப்ரவரி 14, சனி

சோபாக்களை ஒளித்தாகிவிட்டது. மேடத்தின் உத்தரவு. மணி விற்று வாங்கிய சோபா, மேலே நானே பின்னிய வெள்ளை நூல் விரிப்பு. எல்லார் சோபாவும் இப்போது சந்து முனைச் சாராயக் கடையில். குடிகாரர்கள் கால்மேல் கால் போட்டுக் குடிக்கிறார்கள்.

பிப்ரவரி 16, திங்கள்

நாளைக்கு அடுப்பு எரியக்கூடாதாம். நல்ல துணி உடுத்தக்கூடாதாம்.

பக்கத்து வீட்டு நபுகீரா கொதித்துவிட்டாள். "வந்தவங்க வெறும் வயித்தோட போறதா? செத்த என் மாமியா எந்திரிச்சு வந்து அறைவா."

கடைசியில் தேநீர் மட்டும் என்று முடிவு. தேநீர் மட்டும்.

பிப்ரவரி 17, செவ்வாய்

தேநீரை வெறுமனே எப்படிக் கொடுப்பது? வேர்க்கடலை வறுத்தோம். வேர்க்கடலை அடுப்பு ஏறியதும் மட்டோக்கே வாழைக்காயையும் இலையில் கட்டி வேகவைத்தோம். வாழைக்காய்க்குக் குழம்பு வேண்டாமா? கோழியை யார் அறுத்தது என்று தெரியவில்லை. பொய். நான்தான்.

நபுகீரா விசேஷத்துக்கு உடுத்துகிற நீலப் பட்டு கோமேசி அங்கியில், அதன் தோள்முனை இரண்டும் விறைக்க, கல்யாணப் பெண் மாதிரி வந்தாள். நாங்கள் எங்கள் வழக்கப்படி மண்டியிட்டு வணக்கம் சொன்னோம். உயரமான வெள்ளைக்காரி அழுதே விட்டாள். "கெஞ்ச வேண்டாம், எந்திரிங்கன்னு சொல்றாங்க," என்றாள் மேடம். யாரடி கெஞ்சினது?

இருப்பதிலேயே பெரிய விருந்தாளிக்குக் கோழியின் இரைப்பை. மரியாதை. அந்த மனிதர் அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். நபுகீராவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மற்றதையெல்லாம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். மேடம் மட்டும் தொடவில்லை.

பிப்ரவரி 18, புதன்

சோபா திரும்பி வந்தது. சாராய நாற்றம்.

மார்ச் 6, வெள்ளி

மேடம் கைபேசியைப் பார்த்து வாசித்தாள். எங்கள் விருந்தை மறக்கவே மாட்டார்களாம். நாங்கள் வறுமையை வென்றுவிட்டோமாம். ஆகையால் அவர்கள் வேலை இங்கே முடிந்ததாம். ஆர்டர் கூடைக்காரிகளுக்கு.

வென்றதற்கு ஆளுக்கொரு சான்றிதழ். நபுகீரா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்ல தாள். உருட்ட முடியாதபடி பிளாஸ்டிக் போட்டுட்டானுங்க."

ஏப்ரல் 20, திங்கள்

சோபா விற்றேன். போதவில்லை. கட்டணம் கட்டாததால் பள்ளியில் இருந்து மிரெம்பேயை மறுபடி திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வாரமாக ராத்திரிக்கு வெறும் கஞ்சி.

இன்னைக்கு அவள இல்லத்துல விட்டுட்டு வந்துட்டேன். விட்டுட்டு வந்துட்டேன்! என்ன மனுஷி நான்?

சொந்தம் யாரும் இல்லை என்று எழுதினால்தான் எடுப்பார்களாம்.

"நான் இருக்கேனே மேடம்."

"இருக்கீங்க. ஆனா எழுத்துல இருக்கக்கூடாது."

என் பிள்ளை கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அழாமல். அழுதிருந்தால் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன்.

மே 3, ஞாயிறு

பார்க்கப் போனேன். புதுச் செருப்பு, வாரம் இரண்டு நாள் இறைச்சி. அவள் ஒருத்திக்கு அங்கே செய்கிற செலவில் நாங்கள் இரண்டு பேரும் சோபாவை விற்காமலே வாழ்ந்திருப்போம். இதை மேடத்திடம் சொன்னேன். "அது வேற நிதி, இது வேற நிதி," என்றாள்.

"எப்பம்மா கூட்டிட்டுப் போவே?" என்று மிரெம்பே கேட்டாள். குனிந்து அவள் செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

வெளியே வரும்போது வாசலில் ஒரு விளம்பரம்: பிள்ளைகளைக் கவனிக்க இல்லத் தாய்மார் தேவை. தங்க இடம், சாப்பாடு, சம்பளம்.

ஜூன் 14, ஞாயிறு

வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமாகிறது. "பிள்ளை வளர்த்த அனுபவம் இருக்கா?" என்று முகத்தைப் பார்க்காமலே கேட்டு எழுதிக்கொண்டாள் மேடம். நீல மேலங்கி கொடுத்தார்கள். என் அறைக்குப் பத்துப் பிள்ளைகள். அதில் மிரெம்பேயும் இருக்கும்படி மேடம்தான் செய்தாள், அதைச் சொல்லியாக வேண்டும்.

இன்று விருந்தாளிகள். அதே உயரமானவள். என் கையால் சாப்பிட்டவள், என்னை அடையாளம் தெரியவில்லை. மிரெம்பேயைத் தூக்கி என் மடியில் உட்காரவைத்துப் படம் எடுத்தாள். படத்துக்குக் கீழே என்ன போடுவார்கள் என்று மேடம் சொன்னாள்: "உலகில் யாருமில்லாத மிரெம்பே. இவளுக்கு நாங்கள் ஒரு தாயைத் தேடிக் கொடுத்தோம்."

மிரெம்பே என் காதருகே வந்தாள். "அம்மா, இவங்க உன்னை எங்கே தேடினாங்க?"

பேசாமல் கேமராவைப் பார் என்றேன்.