கேபிளைக் கழற்றிய பிறகு

அன்பு வாண்டுக்கு,

ஆகஸ்ட் 9, சனிக்கிழமை, காலை 6.40. உன் படுக்கை விளக்கை நாற்பது தடவை தட்டியாகிவிட்டது, நாற்பது தடவையும் எரிந்தது. நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, விடுதியில் நீ தூங்குவதில்லை என்று தெரிந்துதான் கேட்கிறேன். விளக்கைத் திருப்பி அனுப்பிய பெட்டிக்குள் நீ வைத்த சீட்டை அம்மா திரும்பத் திரும்பப் படிக்கிறாள். "இருட்டுல முழிச்சேன்ப்பா, தட்டித் தட்டிப் பார்த்தேன், எரியவே இல்ல. என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ." நீ ஒழுங்காகத் தட்டியிருக்க மாட்டாய் என்றேன். "பத்து வயசுப் பிள்ளைக்கு விளக்கைத் தட்டக்கூட டிகிரி வேணுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த நாற்பது தடவையும் விளக்கில் என் லேப்டாப் கேபிள் மாட்டியிருந்தது. விளக்குக்குள் இருக்கும் சிப்பைக் கழற்றாமலே, லேப்டாப்பிலிருந்து நான்கு வயர் இழுத்து அதன் மண்டைக்குள் எட்டிப்பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதற்கு நான் எழுதிய நிரலை எந்த வரியில் வேண்டுமானாலும் நிறுத்தலாம். நிறுத்தினால் அதற்கு நேரமே ஓடாது, பாதி வெளிச்சம் மேசைமேல் அப்படியே தங்கிவிடும். ஜன்னல் வெளுத்தது, தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள், விளக்குக்கு மட்டும் இன்னும் பழைய நொடிதான், நானும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து அறையில் நீ புரண்டு படுக்கிற சத்தம் கேட்டதுபோல் இருந்தது. என்மேலேயே எரிச்சலாக வந்தது. ஆனாலும் எழுந்துபோய் உன் காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. நீ தூங்கியதும் விளக்கு அணைந்து, பேட்டரி மிச்சமாவதற்காகச் சிப்பும் தூங்க வேண்டும். கேபிள் இருக்கும்வரை அது தூங்குவதே இல்லை, நான் எட்டிப்பார்க்கும்போது நீ செய்வதுபோல் கண்ணை மூடிக்கொண்டு சும்மா படுத்திருக்கிறது. கழற்றினேன். நிஜமாகவே தூங்கிவிட்டது. தட்டினேன், எழவில்லை. தட்டலைக் கவனிக்கிற பகுதி மட்டும் விழித்திருக்க வேண்டும் என்று நான் எழுதவே இல்லை. நீ சரியாகத்தான் தட்டியிருக்கிறாய். ஒரு வரி சேர்த்தேன், இப்போது கேபிள் இல்லாமலே எழுகிறது.

நிம்மதியான தூக்கம் உனக்கு வாய்க்கட்டும். சாப்பாட்டை மிச்சம் வைக்காதே. இனி நான் செய்யப்போவது:

1. இன்றிரவு உன் கட்டிலில் நானே படுத்து, இருட்டில் தட்டிப் பார்ப்பேன்.
2. திங்களன்று விளக்கைக் கூரியரில் போடுவேன்.
3. வெள்ளிக்கிழமை வரை போன் பண்ணி நச்சரிக்க மாட்டேன்.
4. அதற்குப் பிறகும் தூக்கம் வரவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல். விளக்கைப் பற்றிப் பேசவே மாட்டேன், வண்டியை எடுத்துக்கொண்டு வந்து உன்னைக் கூட்டிவருவேன்.

உன் அப்பா